குழந்தைத் தொழில் ஒழிப்பு: ஆசிரியரின் பங்கு என்ன?

பள்ளி வயதுக் குழந்தை வேலைக்குப் போவது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. அறுவடைக்கு இரண்டு நாள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் என விடுப்பு நீள்கிறது. பாடம் பிடிபடாமல் போகிறது. பிறகு பட்டறையோ பருத்திக்காடோ நிரந்தரமாகிவிடுகிறது. இந்தச் சரிவு முதலில் தெரிவது வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேட்டில்தான்.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற விலக்கு உண்டு. அதைச் சாக்கிட்டு நாள் முழுதும் வேலை வாங்கப்படுகிறதா என்பது பள்ளி வருகையைப் பார்த்தால் தெரியும். அதனால்தான், தகவலின்றித் தொடர்ந்து 30 நாள் வராத குழந்தையைப் பற்றித் தலைமையாசிரியர் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டு விதிகள்.

மீட்ட குழந்தையைப் பள்ளியில் நிலைக்கச் செய்வது இன்னும் கடினம். பன்னிரண்டு வயதுச் சிறுமியை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் கூச்சத்தாலேயே நின்றுவிடுவாள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது: குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கவும் கூடாது.

இந்த முறைக்கு முன்னோடி அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் ரங்காரெட்டி மாவட்டம். சாந்தா சின்ஹா வழிநடத்திய எம்.வி. ஃபவுண்டேஷன் 1991 முதல் அங்கே குழந்தைகளை வேலையிலிருந்து விடுவித்து, இணைப்பு முகாம்களில் தங்கவைத்துப் படிப்பித்து, அரசுப் பள்ளிகளில் சேர்த்தது. பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் தொழிலாளியே என்பது அதன் கொள்கை. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இதற்கெனத் தனி அமைப்பாகத் திரண்டு, பெற்றோரிடமும் வேலை கொடுப்போரிடமும் நேரில் பேசினர். சாந்தா சின்ஹாவுக்கு 2003-இல் மகசேசே விருது கிடைத்தது.

வறுமையை ஆசிரியரால் மட்டும் தீர்க்க முடியாது. தமிழ்நாட்டில் காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் விரிவான சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் பெற்றோரின் சுமையைக் குறைத்து ஆசிரியரின் வேலையை எளிதாக்கின.

கல்வி உரிமைச் சட்டத்தின் எல்லை 14 வயதோடு முடிகிறது. அதற்குமேல் 18 வயதுவரை அபாயகரமான வேலைகளுக்கு மட்டுமே தடை. ஆகவே எட்டாம் வகுப்பு முடித்தவர் ஒன்பதில் சேர்ந்தாரா என்பதையும் பள்ளி கவனித்தாக வேண்டும்.