இயந்திரம் தாங்கும் இதயம்

'எக்மோ' என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது சென்னைச் செய்திகளோடுதான். 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும், 2020இல் பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் அந்த இயந்திரம் பொருத்தப்பட்டது. இருவரும் மீளவில்லை. அதனால் இதயத்துக்கு இயந்திரம் என்றாலே எங்கள் பக்கத்தில் பலருக்கு முகம் வாடிவிடுகிறது.

உண்மையில் அது ஒரு தற்காலிகத் துணை. இதயச் சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்கு இதயம் உடனே வலுவாகத் துடிப்பதில்லை. அது தேறும்வரை இயந்திரம் சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறது. 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், வால்வுச் சத்திரசிகிச்சை செய்த ஒரு பெண்ணுக்கு டொக்டர் மைக்கேல் டிபேக்கி 10 நாட்கள் துணைப் பம்பி பொருத்தினார். இதயம் தேறியது, பம்பியைக் கழற்றினார், அந்தப் பெண் பிழைத்தார்.

சிக்கல் குருதியில்தான் தொடங்குகிறது. செயற்கைக் குழாயில் பட்டதும், காயத்தில் பட்டதுபோலக் குருதி உறையத் தொடங்கும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். உறைவதைத் தடுக்க ஹெப்பரின் கொடுத்தால், நேற்றுத்தான் வெட்டித் தைத்த நெஞ்சுக்குள் குருதி கசியும். மருந்து கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. "இருக்கிற இரத்தத்தையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறார்களே" என்று என் மாமி அழுதார். அந்த அளவைச் சரிபார்க்கத்தான் எடுக்கிறார்கள். எக்மோவின் பம்பியில் செங்குழியங்கள் சிதைவதும் உண்டு. அப்போது சிறுநீர் கடும் பிளேன்டீ நிறத்தில் போகும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். குழாய் தோலைத் துளைக்கும் இடமோ கிருமிக்குத் திறந்த வாசல்.

மாமாவுக்கு வைத்தது எக்மோ அல்ல, பலூன் பம்பி. தொடை நாடி வழியாகப் பெருநாடிக்குள் செலுத்தப்படும் பலூன், இதயம் தளரும்போது விரியும், சுருங்கும்போது தானும் சுருங்கும். குழாய் தொடை நாடியை அடைத்தால் அந்தக் கால் குளிர்ந்து வெளிறும். கவனிக்காவிட்டால் காலையே இழக்க நேரலாம். நுவரெலியாக் குளிரில் வளர்ந்த நமக்கு, சில்லிட்ட காலைக் கண்டால் போர்வையை இழுத்து மூடத்தான் தெரியும். தாதிமார் போர்வையை விலக்கி, இரு பாதங்களையும் தொட்டு ஒப்பிட்டு, நாடி பார்த்தார்கள். இரவில்கூட விடவில்லை.

நாட்கள் நீள நீளச் சிக்கல்களும் கூடும். ஆகவே உறவினர் கேட்க வேண்டியது, "மெஷின் ஓடுகிறதா?" என்பதல்ல, "குறைத்துப் பார்த்தீர்களா, இதயம் தாங்கியதா?" என்பதே. மாமாவின் பலூன் முதலில் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்தது. மூன்றாம் நாள் இரண்டு துடிப்புக்கு ஒருமுறையாகவும், பிறகு மூன்றுக்கு ஒருமுறையாகவும் குறைத்தார்கள். நான்காம் நாள் கழற்றினார்கள்.