சிம்பையில் குவாண்டம் நிலைகளுக்கான இனக்குழுக்கள்

சிம்பை என்பது பைத்தான் மொழியில் எழுதப்பட்ட, குறியீட்டுக் கணிதத்துக்கான திறந்த மூல நிரலகம் ஆகும். இரண்டின் வர்க்கமூலத்தை அது 1.414 என மாற்றாமல் √2 என்றே வைத்துக் கணக்கிடும். இதன் குவாண்டம் பகுதியில், துகள்களின் நிலைகளும் ஒளியின் நிலைகளும் இனக்குழுக்களாக அமைக்கப்பட்டுள்ளன. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் வரும் அதே இனக்குழுதான் இது.

நிலையை எண்களின் பட்டியலாகவே எழுதிவிடலாமே என்று மாணவர் கேட்கக்கூடும். எலக்ட்ரானின் தற்சுழற்சி மேல்நோக்கி உள்ளது எனக் கொள்வோம். செங்குத்து அச்சில் அதன் பட்டியல் (1, 0). கிடை அச்சில் (1/√2, 1/√2). நிலை ஒன்று, பட்டியல் இரண்டு. திருத்தணிப் பக்கம் தமிழிலும் தெலுங்கிலும் ஊர்ப்பெயர் எழுதிய பலகைகளைப் பார்க்கலாம். எழுத்து வேறு, ஊர் ஒன்றுதான். ஆகவே சிம்பையில் நிலைக்குப் பெயர் மட்டும் தரப்படுகிறது. எண்கள் தேவைப்படும்போது, எந்த அச்சில் என்று குறிப்பிட்டுப் பெறலாம்.

பெயரிடும் முறை டிராக் 1939-இல் வெளியிட்டது. |அ⟩ என்பது கெட், அதன் இணை ⟨அ| என்பது பிரா. இரண்டுக்கும் தனித்தனி இனக்குழுக்கள் உண்டு. ⟨அ|ஆ⟩ என்ற உட்பெருக்கல் ஓர் எண். |ஆ⟩⟨அ| என்ற வெளிப்பெருக்கல் ஒரு செயலி. பரிமாற்று விதி இங்கே பொருந்தாது என்பதை இனக்குழுவிலேயே குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் தன் வழக்கப்படி உறுப்புகளை வரிசை மாற்றி அடுக்கிவிடும். எண் வரவேண்டிய இடத்தில் செயலி வந்து நிற்கும்.

இந்த அமைப்பின் உண்மையான பயன் ஒளியைக் கையாளும்போது தெரிகிறது. லேசர் ஒளியை விவரிக்க ஓரியல் நிலைகள் பயன்படுகின்றன. ஒளியின் எந்த நிலையையும் ஓரியல் நிலைகளின் வெளிப்பெருக்கல்களைக் கொண்டு எழுதலாம் என்று 1963-இல் காட்டியவர் ஈ. சி. ஜி. சுதர்சன். இவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர்; பின்னாளில் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். (இத்துறைக்கான 2005 நோபல் பரிசில் கிளாபர் இடம்பெற, சுதர்சன் விடுபட்டது இன்றும் பேசப்படுகிறது.)

ஃபோட்டான் எண்ணிக்கையைக் கொண்டு பெயரிடப்படும் எண் நிலைகளில், வேறுபட்ட இரண்டின் உட்பெருக்கல் 0. ஓரியல் நிலைகளில் அப்படியில்லை: |0⟩, |1⟩ என்னும் ஓரியல் நிலைகளின் உட்பெருக்கல் 1/√e, அதாவது சுமார் 0.607. எனவே உட்பெருக்கல் விதியை அந்தந்த இனக்குழுவே தன்னுள் வைத்திருக்கிறது. பொதுவான தாய் இனக்குழுவுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

பட்டியல் முறை இங்கே தடுமாறுகிறது. ஓரியல் நிலை |1⟩-க்கு முடிவிலாக் கூறுகள் உண்டு. முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் மொத்த நிகழ்தகவு 1 ஆவதற்குப் பதில் 2/e, ஏறத்தாழ 0.736 ஆகிறது. கூறுகளை மேலும் சேர்த்தால் இந்தப் பிழை குறையும். ஆனால் எத்தனை சேர்த்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஃபோட்டானை நீக்கும் செயலி அ, சேர்க்கும் செயலி ஆ எனில், அஆ − ஆஅ = 1 ஆக வேண்டும். முடிவுள்ள அணிகளில் இடப்பக்கத்தின் மூலைவிட்டக் கூட்டுத்தொகை எப்போதும் 0; வலப்பக்கம் உள்ள அலகு அணிக்கோ அது அணியின் வரிசை எண். ஆகவே இந்தச் சமன்பாட்டை எந்த முடிவுள்ள அணியாலும் நிறைவுசெய்ய இயலாது. சிம்பையில் இது செயலியின் இனக்குழுவில் விதியாகவே எழுதப்பட்டுள்ளதால், விடை 1 என்றே கிடைக்கும்.