இருட்டு கெடாமல் ஒளியூட்டும் கலை

லென்ஸும் ஆடியும் பொருத்திச் சரிபார்ப்பது என் தொழில். எந்தக் கருவியைக் கண்டாலும் ஒளி எங்கே கசிகிறது என்றுதான் கண் முதலில் தேடும். அப்படிப் பார்த்தவற்றுள், ஒளியைக் கொண்டு டிஎன்ஏ கட்டும் கருவியைப்போல என் மனத்தைப் பிடித்தது வேறில்லை.

1991-ல் கலிபோர்னியாவின் அஃபிமேக்ஸ் நிறுவனத்தில் ஸ்டீபன் ஃபோடரும் அவர் குழுவினரும் வழி காட்டினார்கள். கண்ணாடித் தகட்டில் வளரும் ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு வேதி மூடி இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் மூடி கழலும். அடுத்து ஊற்றும் எழுத்து, ஏ, சி, ஜி, டி நான்கில் ஒன்று, அங்கே மட்டும் ஒட்டும். அதுவும் தனக்கொரு மூடியோடுதான் வரும். ஒளி விழும் இடத்தை வரையறுக்க மாஸ்க் எனும் மறைப்புத் தகடுகளை வைத்தார்கள். 25 எழுத்து நீள இழைக்கு 100 மாஸ்க் வரை வேண்டும். வடிவமைப்பை மாற்றினால் புதிய மாஸ்க்குகள்தான்.

1999-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பிராங்கோ செரினா, மைக்கேல் சஸ்மன், ஃப்ரெட் பிளாட்னர் குழு மாஸ்க்கையே ஒழித்தது. நம் ஊர் டிஜிட்டல் தியேட்டர்களில் படம் காட்டும் நுண்ணாடிச் சிப்பை அந்த இடத்தில் வைத்தார்கள். இப்படிப்பட்ட ஒரு சிப்பில் 1024-க்கு 768, அதாவது 7,86,432 ஆடிகள் இருக்கும். கணினி சொன்னபடி ஒவ்வொன்றும் தனித்தனியே சாயும்.

சிப்பின் பிம்பத்தைத் தகட்டில் அதே அளவில் பதிக்க ஏப் ஆஃப்னரின் அமைப்பு கைகொடுக்கிறது. பெரிய குழியாடி ஒன்று, சிறிய குவியாடி ஒன்று, இரண்டுக்கும் மையம் ஒன்றே. ஒளி குழியாடியில் பட்டு, குவியாடிக்குப் போய், மீண்டும் குழியாடிக்கு வந்து தகட்டைச் சேரும். லென்ஸே இல்லாததால் நிறப்பிறழ்ச்சி இல்லை. இதைவிட அழகான ஒளியமைப்பை நான் அறியேன்.

ஆனால் இந்த வேலையில் வெளிச்சத்தைவிட இருட்டுதான் கடினம். நூறு முறை ஒளியூட்டினால் ஒரு புள்ளி 25 முறை ஒளிபெறும், 75 முறை இருண்டிருக்க வேண்டும். முழு ஒளியூட்டலில் 99 சதவீத மூடிகள் கழலும் என்று வைத்துக்கொள்வோம். இருண்ட புள்ளிக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தால்கூட, ஒவ்வொரு முறையும் சுமார் 0.46 சதவீத மூடிகள் தவறாகக் கழலும். 75 முறைக்குக் கணக்கிட்டால், ஏறக்குறைய மூன்று இழைக்கு ஒன்றில் வேண்டாத எழுத்து புகுந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு கசிவைச் சினிமாவில் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்!

ஆடி விளிம்புகளில் ஒளி வளைகிறது, தூசியில் சிதறுகிறது, தகட்டைக் கடந்தபின் பின்புறத்திலிருந்து எதிரொளித்துத் திரும்புகிறது. இந்த எதிரொளியை விழுங்கவே தகட்டின் பின்னால் பீட்டா கரோட்டின் கரைசலை நிரப்புகிறார்கள். கேரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள்!

ஆர்என்ஏவுக்கும் இதே ஒளியமைப்பு போதும். சர்க்கரைப் பகுதியில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் இருப்பதால் அதற்கும் தனிக் காப்பு வேண்டும். வேலை நேரம் நீளும், அத்தனை நேரமும் பிம்பம் நகரக் கூடாது. வியன்னாவில் மார்க் சொமோசா, ஜோரி லியேட்டார் குழு இதைச் செய்துகாட்டியது.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழியாடி, குவியாடிப் பாடத்தை வண்டியின் பக்கக் கண்ணாடியோடு முடித்துவிடாதீர்கள். ஆஃப்னர் அமைப்பையும் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். இரண்டே ஆடிகள்தான், ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடலாம்.