பக்கவாதம் வந்த கை ஏன் ஒதுங்கிக்கொள்கிறது?

பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை லேசாக அசைகிறது. ஆனாலும் டம்ளரை இடது கைதான் எடுக்கிறது. ஏன்? ஆரம்ப நாட்களில் முயன்றபோதெல்லாம் டம்ளர் நழுவியது. தோற்றுத் தோற்று, மூளை அந்தக் கையைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. பின்னால் பலம் ஓரளவு வந்தாலும் பழக்கம் வருவதில்லை. இதை விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப்.

எப்படி மீட்பது? அவர் வகுத்த சிகிச்சையில், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டிவிடுவார்கள். இரண்டு வாரம், பலவீனமான கைதான் வேலை செய்யவேண்டும். 222 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பலன் தெரிந்தது. ஓராண்டு கழித்தும் நீடித்தது. திரும்பத் திரும்பச் செய்யும்போது, செத்துப்போன மூளைச் செல்களின் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் ஓரளவு ஏற்கின்றன. மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது நிமிர்ந்தால்தான் இந்தச் சிகிச்சை பொருந்தும். பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டே தொடங்கவேண்டும்.

கை ஏன் ஒதுங்குகிறது என்பதை நோயாளிக்குப் புரியவைப்பதே சிகிச்சையில் பாதி என்பேன். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுவது அன்புதான். ஆனால் ஒரு பயிற்சி அங்கே பறிபோகிறது.

பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் இரத்த அழுத்தமும் அப்படித்தான் புரியவைக்கப்பட வேண்டியது. அது ஏறினால் பெரும்பாலும் உடம்பு சொல்லாது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று மாத்திரையை நிறுத்தாமல், வீட்டிலேயே அளந்து எழுதிவைத்து டாக்டரிடம் காட்டவேண்டும்.