வயர்லெஸ் காட் கணனிக்குத் தெரியவில்லையா? காசைச் செலவழிக்க முன்னர் இவற்றைப் பாருங்கள்

இன்று கணனியின்றிக் கடை நடத்துவது அரிதாகிவிட்டது. பற்றுச்சீட்டு அடிப்பது, ஸ்டொக் பார்ப்பது, வங்கிக்கு வந்த பணத்தைச் சரிபார்ப்பது, வெளியூர் வியாபாரிகளின் ஓர்டரை வட்ஸ்அப்பில் எடுப்பது என எல்லாமே அந்த ஒரு பெட்டிக்குள்தான். அதற்கு இணையம் நின்றுவிட்டால் பாதிக் கடையைப் பூட்டியதற்குச் சமம்.

பெருநாளைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எமது புடவைக்கடையில் இதுதான் நடந்தது. காலையில் கணனியைப் போட்டால் வைபை அடையாளத்தையே காணவில்லை. கையடக்கத் தொலைபேசிகள் எல்லாவற்றிலும் இணையம் வேலை செய்கிறது. பெரிய கணனியில் மட்டும் இல்லை. மலைநாட்டு வியாபாரி ஒருவர் பணம் போட்டுவிட்டதாகச் சொல்லிச் சாமான் அனுப்பும்படி கேட்கிறார். வங்கிக் கணக்கைப் பார்த்து உறுதிப்படுத்த வழியில்லை. திருத்துபவர் ஒருவரை அழைத்தோம். பெட்டியைத் திறக்காமலே, “மதர்போட் போயிட்டு நானா, புதுசு ஒண்டு எடுக்கிறதுதான் நல்லம்” என்றார்.

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. புதுக் கணனிக்கு விலை கேட்கத் தொடங்கிவிட்டேன். பின்னேரம் கடைக்கு வந்த மருமகன் கேட்ட முதல் கேள்வி, “மாமா, இந்தப் பெட்டிய இடம் மாத்தினீங்களா?” என்பதுதான். ஆம், முதல் நாள் துணிப் பொதிகளுக்கு இடம் எடுப்பதற்காக மேசையைச் சுவரோடு தள்ளியிருந்தோம். பின்னால் நீட்டிக் கொண்டிருந்த அன்டெனா சுவரில் முட்டி, உள்ளே இருந்த காட்டை அரை அங்குலம் தூக்கிவிட்டது. காட்டைப் பிடித்து வைக்கும் சின்ன ஆணி எப்போதோ கழன்று போயிருக்கிறது. காட்டை அழுத்திப் பொருத்தி ஓர் ஆணியைப் பூட்டினார். அவ்வளவுதான். ஒரு ஆணியின் பெறுமதியில் முடிந்த வேலைக்கு நான் புதுக் கணனி வாங்கப் போனேன்.

இந்த நட்டம் வேறு எவருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே, அதன் பின்னர் நான் கற்றுக்கொண்டவற்றை ஒழுங்காக எழுதுகிறேன். இதைச் செய்யப் பெரிய படிப்புத் தேவையில்லை. பொறுமை இருந்தால் போதும்.

முதலில் கடையை ஓட வையுங்கள்

திருத்தும் வேலையை ஆரம்பிக்க முன்னர் இணையத்துக்கு மாற்று வழி செய்துகொள்ளுங்கள். உங்கள் அன்ட்ரொய்ட் தொலைபேசியைச் சார்ஜ் செய்யும் கேபிளால் கணனியுடன் இணையுங்கள். தொலைபேசியின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் பகுதிக்குள் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் தொலைபேசியின் இணையம் கணனிக்கு வந்துவிடும். கேபிள் டேட்டா போகக்கூடிய கேபிளாக இருக்க வேண்டும். சில மலிவான கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும். இன்னொன்று, விண்டோஸ் தன் பாட்டில் அப்டேட் இறக்கி உங்கள் டேட்டாவை முடித்துவிடும். அந்த இணைப்பை ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்று மாற்றிவிட்டால் அது பெருமளவு குறையும்.

நோய் எது என்று பிரித்தறியுங்கள்

“வைபை இல்லை” என்று நாம் சொல்வதற்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. மருந்தும் வேறு வேறு. ஸ்டார்ட் பட்டன் மீது மவுஸின் வலப் பக்கத்தை அழுத்தி, வரும் பட்டியலில் ‘டிவைஸ் மெனேஜர்’ என்பதைத் திறவுங்கள். அதில் ‘நெட்வேர்க் அடப்டர்ஸ்’ என்பதை விரித்துப் பாருங்கள். ‘ஈதர்நெட்’ அல்லது ‘ஜிபிஈ’ என்று முடிவது கேபிள் குத்தும் வாசல். அதைப் பார்த்து வைபை காட் இருக்கிறது என்று பலர் ஏமாறுவதுண்டு. ‘வயர்லெஸ்’, ‘வைபை’, ‘802.11’ ஆகியவற்றுள் ஒன்று பெயரில் இருந்தால்தான் அது வைபை காட்.

ஒன்று, காட்டின் பெயர் இருக்கிறது, குறை அடையாளம் எதுவும் இல்லை. அப்படியானால் கணனிக்குக் காட் தெரிகிறது. பிழை செட்டிங்கிலோ ரவுட்டரிலோ இருக்கிறது.

இரண்டு, மஞ்சள் நிற அடையாளம் விழுந்திருக்கிறது. அல்லது ‘அதர் டிவைசஸ்’ என்பதன் கீழ் ‘நெட்வேர்க் கொன்ட்ரோலர்’ என்று மட்டும் வருகிறது. காட் தெரிகிறது, ஆனால் அதை இயக்கும் ட்ரைவர் இல்லை அல்லது பழுது.

மூன்று, எந்த அடையாளமும் இல்லை. கணனிக்குக் காட்டே தெரியவில்லை. இங்குதான் பெட்டியைத் திறக்க வேண்டி வரும்.

குறியிலக்கம் பேசும்

காட்டின் பெயரை இரு முறை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறந்து, அதில் ‘கோட்’ என்று ஓர் இலக்கம் வரும். 22 என்றால் காட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, ‘எனேபிள்’ செய்தால் போதும். 28 என்றால் ட்ரைவர் போடப்படவில்லை. 10 என்றால் காட் இயங்கத் தொடங்க முடியவில்லை, முதலில் ட்ரைவரை மாற்றிப் பார்க்க வேண்டும். 43 என்றால் காட் தன்னில் கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. 45 என்றால் முன்னர் இருந்த காட் இப்போது இணைப்பில் இல்லை. எமது கணனியில் மறைந்த சாமான்களையும் காட்டும்படி ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ என்பதைப் போட்டபோது வந்தது இந்த 45தான். திருத்த வருபவரிடம் இந்த இலக்கத்தைச் சொன்னால், நீங்கள் விடயம் தெரிந்தவர் என்பது அவருக்கும் விளங்கும்.

திறக்க முன்னர் செய்ய வேண்டியவை

ஒரு முறை ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘ஷட் டவுன்’ செய்யும்போது வேகமாகத் திறப்பதற்காக உள்நிலையைச் சேமித்து வைக்கும் பழக்கம் உண்டு. எனவே இரவு அணைத்துக் காலையில் போட்டாலும் பழைய பிழை அப்படியே வரலாம். ரீஸ்டார்ட்தான் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் சரிவராவிட்டால் கணனியை அணைத்து, மின் வயரைச் சுவரிலிருந்து கழற்றி, போடும் பட்டனை அரை நிமிடம் அளவில் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் வெளியேறும். பின்னர் போட்டுப் பாருங்கள். சிக்கிக் கொண்ட காட் சில நேரம் இதிலேயே விழித்துக்கொள்ளும்.

வைபை மதர்போட்டிலேயே அமைந்த கணனியாக இருந்தால், போட்டவுடன் ‘டெல்’ அல்லது ‘எஃப்2’ அழுத்தி பயோஸுக்குள் போய், வயர்லெஸ் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். பயோஸ் அப்டேட் செய்யச் சொன்னால் யூ.பி.எஸ். இல்லாமல் செய்யாதீர்கள். நடுவில் மின்சாரம் நின்றால் நல்ல மதர்போட்டும் பழுதாகிவிடும்.

பெட்டியைத் திறக்கும்போது

மின் வயரைக் கழற்றிய பின்னரே திறக்க வேண்டும். உள்ளே கை வைக்க முன்னர் பெட்டியின் வர்ணம் பூசாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள். எமது உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம், விசேடமாகத் துணிகளுக்கு மத்தியில் வேலை செய்பவர்களின் உடம்பில், காட்டைப் பழுதாக்கப் போதுமானது.

அன்டெனாவைக் கழற்றி, ஆணியை எடுத்து, காட்டை நேராக மேலே இழுங்கள். தங்க நிறப் பற்களில் தூசியோ கறையோ இருந்தால் ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்ப்போரும் உண்டு. அப்படிச் செய்தால் துகள்களைச் சுத்தமாகத் தட்டிவிட வேண்டும். மீண்டும் நேராக அழுத்திப் பொருத்தி ஆணியைப் பூட்டுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் வேறு ஸ்லொட்டில் போடுங்கள். சிறிய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் காட் அதே வகையைச் சேர்ந்த நீண்ட ஸ்லொட்டிலும் வேலை செய்யும். சில மதர்போட்களில் ஒரு எம்.2 ஸ்லொட்டில் எஸ்.எஸ்.டி. போட்டால் வேறொரு ஸ்லொட் தானாக நின்றுவிடும். அண்மையில் எஸ்.எஸ்.டி. போட்ட பின்னர் வைபை போனது என்றால் இதையே முதலில் சந்தேகியுங்கள்.

வாங்கும்போது ஏமாற வேண்டாம்

மடிக்கணினியிலிருந்து கழற்றிய காட்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் இன்டெல் தயாரிப்பில் இரண்டு இனம் உண்டு. 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவற்றில் பாதி வேலையே காட்டில் இருக்கிறது. மீதி வேலையைச் செய்யும் பகுதி இன்டெல் கணனியின் சிப்புக்குள் இருக்கிறது. எனவே ஏ.எம்.டி. கணனியிலும், அந்த வசதி இல்லாத பழைய இன்டெல் கணனியிலும் அவை தெரியவே மாட்டா. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை அப்படியல்ல, முழுக் காட்கள். இலக்கத்தில் ஒன்று மாறினால் காசு வீண். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

யூ.எஸ்.பி. குச்சியாக வரும் வைபையில் வேறொரு விளையாட்டு உண்டு. சில குச்சிகள் முதலில் தம்மை ஒரு சீ.டி. போலக் காட்டும். மை கொம்பியூட்டரில் புதிய சீ.டி. ஒன்று தெரிந்தால் அதைத் திறந்து உள்ளே இருக்கும் ட்ரைவரைப் போட வேண்டும். அதன் பின்னரே அது வைபையாக மாறும். நீல நிற யூ.எஸ்.பி. 3.0 வாசலில் வேகமான ஹாட்டிஸ்க் ஓடும்போது பக்கத்திலுள்ள 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபைக்கு இடைஞ்சல் வரும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் வெளியிட்டிருக்கிறது. ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் குச்சியைத் தள்ளி வைத்தால் போதும்.

ட்ரைவர் விடயத்தில் கவனம்

டிவைஸ் மெனேஜரில் பெயர் தெரியாத காட்டின் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ‘ஹாட்வெயார் ஐடீஸ்’ என்று தெரிவு செய்தால் தயாரிப்பாளரின் குறியிலக்கம் தெரியும். 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக், 168சி என்றால் குவால்கொம் அதெரோஸ். அந்தத் தயாரிப்பாளரிடமோ கணனி நிறுவனத்திடமோ உள்ள ட்ரைவரை மட்டும் எடுங்கள். “எல்லா ட்ரைவரும் இலவசம்” என்று வருபவற்றைத் தொட வேண்டாம். எமது கணக்கும் வாடிக்கையாளர் விபரமும் இருக்கும் கணனியில் அறியாதவரின் மென்பொருளைப் போடுவது, கல்லாவின் சாவியை வீதியில் போவோரிடம் கொடுப்பதைப் போன்றது.

கணனி பழையது என்றால் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலும் முடிவடைந்தன. விண்டோஸ் 11க்கு மாறும்போது மிகப் பழைய காட்களுக்கு ட்ரைவர் இல்லாமல் போகலாம். அது காட்டின் பழுதல்ல.

தீர்ப்புச் சொல்லும் இரண்டு சோதனை

மதர்போட் பழுது என்று எவராவது சொன்னால் இரண்டு விடயங்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் காட்டை, அந்த இனத்துக்கு ஒத்துவரும் வேறொரு கணனியில் போட வேண்டும். வேறொரு நல்ல காட்டை உங்கள் கணனியில் போட வேண்டும். உங்கள் காட் அங்கே வேலை செய்யவில்லை, மற்றக் காட் இங்கே வேலை செய்கிறது என்றால் பழுது காட்டில். உங்கள் காட் அங்கே வேலை செய்து, எந்தக் காட்டும் இங்கே எந்த ஸ்லொட்டிலும் தெரியவில்லை என்றால்தான் மதர்போட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும்கூட ஒரு யூ.எஸ்.பி. குச்சியால் பல காலம் ஓட்டலாம். வைபை ஒன்றுக்காக மட்டும் கணனியை மாற்றத் தேவையில்லை.

கணனியைத் திருத்தக் கொடுக்க முன்னர் கணக்குகளின் பிரதியொன்றை வேறாக எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மாற்றிய பாகத்தின் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். துணி வாங்க வருபவருக்கு நாம் அளந்து காட்டித்தான் கொடுக்கிறோம். எமக்குச் சேவை செய்பவரிடமும் அதே அளவைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. அசையாமல் ஒரே மேசையில் இருக்கும் பில் கணனிக்கு வைபையைவிட கேபிளே சிறந்தது. 100 மீற்றர் வரை தாராளமாக இழுக்கலாம். காட்டும் வேண்டாம், அன்டெனாவும் வேண்டாம். எமது கடையில் இப்போது கேபிள்தான். அந்தக் காட்டையும் கழற்றவில்லை. கேபிளுக்கு ஏதும் நடந்தால் உதவட்டும் என்று, புது ஆணியோடு உள்ளேயே இருக்கிறது.