பெருச்சாளி வளையும் மருந்துப் பொட்டலமும்

காலையில் தண்ணீர் ஊற்றப் போகும்போது மரவள்ளிச் செடி சாய்ந்து கிடக்கும். தூக்கிப் பார்த்தால் கிழங்கு இருந்த இடத்தில் பள்ளம். மதிற்சுவரை ஒட்டி ஒரு கூடை அளவுக்குப் புதுமண் குவிந்திருக்கும். தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சிறிது மண் விட்டு வீடு கட்டி, அந்த மண்ணில் நான்கு செடி வைத்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். சேனை, சர்க்கரைவள்ளி, வாழையின் அடிக்கிழங்கு, முளைவிட்ட தென்னம்பிள்ளை என்று மண்ணுக்கடியில் மாவுச்சத்து எங்கே இருக்கிறதோ அங்கே பெருச்சாளி வந்துவிடும்.

அன்று மாலைக்குள் வீட்டில் யாராவது ஒருவர் கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வந்துவிடுகிறார். சோப்பு, ஊதுவத்தி வாங்கும் அதே மளிகைக் கடை. யாருக்கு, எதற்கு, வீட்டில் குழந்தை உண்டா என்று ஒரு கேள்வி கிடையாது. தோட்டத்தைக் காப்பாற்றுவது பற்றி எழுத உட்கார்ந்தாலும், எனக்கு மரவள்ளியைவிட அந்தப் பொட்டலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் குழி பறிப்பது யார் என்று தெரிந்துகொள்வோம். இணையத்தில் தேடினால் அமெரிக்கா, இங்கிலாந்து வீட்டுப் புல்தரைகளில் சுரங்கம் தோண்டும் 'மோல்' என்ற பிராணியை விரட்டும் காணொலிகள் வரிசையாக வரும். விளக்கெண்ணெயைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். அந்தப் பிராணி தமிழ்நாட்டில் இல்லவே இல்லை. இந்தியாவில் இமயமலையின் கிழக்குப் பகுதியிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் மட்டும்தான் அதன் இனங்கள் உண்டு. அது தின்பது மண்புழுவையும் பூச்சிப் புழுக்களையும், கிழங்கைத் தொடாது. அதற்குச் சொன்ன வைத்தியத்தை நம் ஊர்ப் பெருச்சாளிக்குச் செய்து பலன் இல்லையே என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

அந்தப் பிராணிக்கு நம் வீட்டில் உறவு ஒன்று உண்டு. மூஞ்சூறு. கூரிய மூக்கும் சிறு கண்ணுமாகச் சுவரோரம் கீச்சிட்டுக்கொண்டு ஓடுமே, அது எலிச் சாதியே அல்ல. கரப்பான், பூரான், வண்டு, புழு இவைதான் அதன் சாப்பாடு. செடிக்கும் கிழங்குக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, தோட்டத்துக்கு நல்லதே செய்கிறது. பெருச்சாளிக்கு வைத்த மருந்தைத் தின்று முதலில் சாவது பல வீடுகளில் இந்த மூஞ்சூறுதான். அதன் உடம்பு நாற்றத்தைத் தாங்க முடியாமல் பலரும் அதற்கென்றே மருந்து வைப்பதும் உண்டு. அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குழி பறிப்பவர்கள் இரண்டு பேர். ஒன்று, பெருச்சாளி. முழுதாக வளர்ந்தது ஒரு கிலோவை எட்டும். உடம்பு ஓரடி, வால் ஏறக்குறைய இன்னொரு அடி. மடக்கினால் பன்றிக்குட்டி போல உறுமும், பூனையே ஒதுங்கிப் போய்விடும். மற்றது அதற்குத் தம்பி முறையான கரம்பை எலி. டெல்டா விவசாயிக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை; கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேமிக்கும் வயல் எலி இதுதான். வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளான இடங்களில் இது இன்னும் பழைய இடத்தை விட்டுப் போகவில்லை. வளைக்குள் இருக்கும்போது வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு உண்டு. அதனால் துளையே தெரியாமல் வெறும் மண்குவியல் மட்டும் கண்ணில் படும்.

வளை எங்கே போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் தெரிவது வாய் மட்டும். உள்ளே அது கிளை பிரிந்து, மதிற்சுவரின் அடித்தளத்துக்குக் கீழே, கழிவுநீர்த் தொட்டியின் ஓரம், வீட்டு அஸ்திவாரத்தில் கொட்டிய மணலுக்குள் எல்லாம் புகுந்திருக்கும். சமையலறைத் தரையில் ஓர் ஓடு மட்டும் தட்டினால் டொக் என்று ஒலிக்கும் வீடுகள் உண்டு. அடியில் மண் இல்லை என்று பொருள். அதாவது தோட்டத்து வளையில் நீங்கள் போடுவது எதுவானாலும், அது உங்கள் படுக்கையறைக்கு அடியில் போட்டதற்குச் சமமாகலாம்.

இந்த இடத்தில்தான் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். தானியக் கிடங்குகளில் புகைமூட்டம் போடப் பயன்படும் மாத்திரை இது. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில்தான் கையாள வேண்டும் என்று சட்டம் இதைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அப்படியும் யாரோ ஒருவர் மூலம் நாலு மாத்திரை கைக்கு வந்து, வளைக்குள் போட்டு மண்ணால் மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய வளையிலிருந்து வாயு மேலே வர வழி தேடும்போது, தரை விரிசலும் குழாய் போன துளையும் அதற்கு வழிதான். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக மருந்து வைத்த வீட்டில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்த செய்தி மாநிலத்தையே உலுக்கியது. இரண்டு வாரம் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினோம். அப்புறம்?

மளிகைக் கடைகளில் கிடைப்பதில் ஒன்று துத்தநாக பாஸ்பைடு. கறுப்புத் தூள். தானியத்துடன் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தால் போதும், எலி செத்துவிடும். வயிற்று அமிலத்தில் இதுவும் அதே பாஸ்பீனைத்தான் உண்டாக்குகிறது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. பெரிய மருத்துவமனையில்கூட உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருக்க முடியுமே தவிர, நஞ்சை முறிக்க ஊசி இல்லை.

இன்னொன்று, பற்பசை போலக் குழாயில் வரும் பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது. தமிழ்நாட்டு மருத்துவர்கள் இதைக் கண்டுதான் அதிகம் பயப்படுகிறார்கள். விழுங்கியவர் முதல் நாள் லேசான வாந்தியோடு சரியாகிவிட்டது போலத் தெரிவார். வீட்டுக்கும் போய்விடுவார். இரண்டு மூன்று நாள் கழித்துக் கண் மஞ்சளாகும். அப்போது கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். தமிழ்நாடு அரசு இதற்கு நிரந்தரத் தடையே விதித்திருக்கிறது. தடை என்பது ஆணையில் மட்டும் இருந்தால் போதாது, கடைப் பலகையிலும் தெரிய வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய குழாய் ஒன்று பாதி பிதுக்கிய நிலையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மூன்றாவது, பச்சை, நீல நிறங்களில் கட்டியாக வரும் புரோமடையலோன். இரத்தம் உறையவிடாமல் செய்து, நாலைந்து நாளில் உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசிந்து எலி சாகும். மனிதர் தின்றுவிட்டால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற முடியும். மூன்றையும் நாம் ஒரே பெயரில் எலி மருந்து என்கிறோம். ஒன்றுக்கு மாற்று உண்டு, மற்ற இரண்டுக்கும் இல்லை. அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்பது எந்த மருந்து என்றுதான். அட்டையைக் கிழித்து எறிந்திருந்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

இவற்றை எதில் வைக்கிறோம்? மசால்வடையில், தக்காளியில், தேங்காய்ச் சில்லில், கருவாட்டில். தவழும் குழந்தை எதைக் கண்டால் கை நீட்டுமோ அதிலெல்லாம். இருட்டிய பிறகு வைத்து விடிவதற்குள் எடுத்துவிடுவோம் என்பார்கள். பெருச்சாளி அதை இழுத்துக்கொண்டு போய்ப் பாதி தின்று, மீதியைத் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் போட்டிருந்தால்? எல்லாம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டிலும் ஒரு கோபமான மாலை நேரம் வரும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பொட்டலம் இருக்கக் கூடாது. தற்கொலைத் தடுப்புக்காக உழைப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: அந்த நிமிடத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். எலிக்காக வாங்கி மீந்த மருந்து பல வீடுகளில் அந்த நிமிடத்துக்காகக் காத்திருப்பது போல மாடத்தில் கிடக்கிறது.

யாராவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். பால், எண்ணெய், மோர் எதுவும் வேண்டாம். நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள்.

மனிதர்கள் ஒருபுறம் இருக்கட்டும். புரோமடையலோன் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு வெளிச்சத்தில் திரியும். அதைத்தான் கூகை சுலபமாகத் தூக்கும். இதய வடிவத்தில் வெளுத்த முகம் கொண்ட இந்த ஆந்தை கோயில் கோபுரங்களிலும் பழைய கட்டடப் பொந்துகளிலும் குடியிருக்கிறது. ஒரு கிலோ பெருச்சாளியை அதனால் தூக்க முடியாது என்றாலும் குட்டிகளையும் கரம்பை எலிகளையும் இரவுக்கு இரவு பிடிக்கும். குஞ்சு பொரித்திருக்கும் மாதங்களில் அதன் வேட்டை பல மடங்காகும். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் கட்டுப்படுத்த இதற்கென்றே மரப்பெட்டிகளைக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அபசகுனம் என்று கல்லெறிகிறோம், போதாததற்கு நஞ்சு ஏறிய எலியையும் அதற்கு ஊட்டுகிறோம். சாரைப்பாம்பும் கீரியும் அப்படியே. வளைக்குள்ளேயே புகுந்து குட்டிகளைத் தின்னக்கூடியது சாரை. நஞ்சில்லாத பாம்பு. அதை அடித்துப் போட்டுவிட்டு எலி மருந்து வாங்கப் போகும் தெருக்களில் பெருச்சாளி பெருகாமல் என்ன செய்யும்?

மருந்து இல்லாமல் எலியை ஒழிக்கவே முடியாது, முறைப்படி வைத்தால் ஆபத்தில்லை என்று சொல்லும் வேளாண் அலுவலர்களும் இருக்கிறார்கள். நூறு ஏக்கர் வயலுக்கு அது பொருந்தலாம். அரை சென்ட் தோட்டத்துக்கும் அதில் விளையாடும் பிள்ளைகளுக்கும் பொருந்தாது.

அப்படியானால் என்ன செய்வது? மாலையில் எல்லாத் துளைகளையும் ஈரமண்ணால் அடையுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. பத்துத் துளை உள்ள தோட்டத்தில் இப்படிப் பார்த்தால் உயிருள்ள வளை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எதிரி ஒரு படை என்ற பயம் அத்தோடு போய்விடும்.

அடுத்தது கூண்டு. சுண்டெலிக்கு விற்கும் மெல்லிய கம்பிக் கூண்டைப் பெருச்சாளி வளைத்துவிட்டுப் போய்விடும். தடித்த கம்பியில், இரண்டடி நீளத்தில், கதவு இறங்கும் இரும்புக் கூண்டு வேண்டும். பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். வாங்கிய அன்றே பொறி வைக்கக் கூடாது. புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும் பிராணி இது. கதவைத் திறந்த நிலையில் கட்டிவிட்டு, சுவரை ஒட்டி, இரண்டு மூன்று இரவு வெறும் தீனி மட்டும் வைக்க வேண்டும். பயமில்லாமல் வந்து தின்னப் பழகிய பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும். சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாடும் நன்றாக வேலை செய்யும். எடுக்கும்போது கையுறை அவசியம். பிடித்ததை அடுத்த தெரு ஏரிக்கரையில் விட்டுவருவது தொல்லையை வேறொருவர் தலையில் கட்டுவதுதான். அந்த வேலையை அறிந்த ஆளிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

அப்படிப்பட்ட ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தஞ்சை, திருவாரூர் வயல்களில் அந்தி நேரத்தில் தோளில் கட்டுக்கட்டாகக் கிட்டிகளுடன் வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூங்கிலை வில்லாக வளைத்து, சுருக்குக் கட்டி, எலி நடக்கும் தடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக ஊன்றிவிட்டுப் போவார்கள். விடிந்ததும் வந்து எடுப்பார்கள். எலிக்கு இவ்வளவு என்று கூலி. செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் இருளர் மக்கள் வளையின் போக்கை மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எல்லா வாயையும் அடைத்து, ஒன்றில் மட்டும் பானையிலிருந்து வைக்கோல் புகையை ஊதி, கடப்பாரையால் தோண்டிப் பிடித்துவிடுவார்கள். ஒரு சொட்டு நஞ்சு கிடையாது. இவ்வளவு நுணுக்கமான அறிவுக்கு நாம் கொடுக்கும் கூலி மிகக் குறைவு. புறநகர்க் குடியிருப்போர் சங்கங்கள் கொசு மருந்துப் புகைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இவர்களுக்குக் கொடுத்து அழைத்தால் எத்தனையோ வீடுகளில் பொட்டலமே நுழையாது.

பிடித்தாலும் தீனி கிடக்கும்வரை அடுத்தது வந்து அதே வளையில் குடியேறும். மூடியில்லாத உரக்குழியில் மீன் கழிவும் சோறும் கொட்டுவது பெருச்சாளிக்கு விருந்து வைப்பது. உரத்தொட்டிக்கு அடியிலும் அரை அங்குலக் கம்பிவலை வேண்டும். கிழங்குப் பாத்தியைச் சுற்றி அதே வலையை இரண்டடி ஆழத்துக்குப் புதைத்துவிட்டால் பல வருடம் கவலை இல்லை. சாக்கடைக்குப் போகும் குழாய் வாயில் சல்லடை மூடி போடுங்கள். காலியான வளையை வெறும் மண்ணால் மூடாமல் கருங்கல் ஜல்லியும் சிமெண்டும் கலந்து இறுக்குங்கள். நொச்சித் தழை, பூண்டுக் கரைசல், ஒலி எழுப்பும் கருவி இவற்றில் நான் நேரத்தைச் செலவிட மாட்டேன்.

மழைக்காலத்தில் இன்னொன்று. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால், காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். தோட்டவேலைக்கு ரப்பர் பூட்ஸ் போடுங்கள். இறங்கிய பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தோட்டத்தில் எலித் தொல்லை இருக்கிறது என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

ஐப்பசி மழையில் வெட்டவெளி வளைகளில் தண்ணீர் புகும். அங்கிருந்து கிளம்புபவை மேடான இடம் தேடி வீடுகளுக்குத்தான் வரும். அதனால் இதையெல்லாம் புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும், அதுவும் ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. தெருவில் புதர் மண்டிக் கிடக்கும் காலி மனை யாருடையது என்று கண்டுபிடித்து அதை வெட்டவைப்பதும், அதில் குப்பை கொட்டுவதை நிறுத்துவதும் முதல் வேலை. பக்கத்து வீட்டில் மருந்து வைக்கப் போகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இரண்டாவது. வைப்பதாகச் சொன்னால் உங்கள் கூண்டை ஒரு வாரம் இரவல் கொடுங்கள்.