ஒண்டுக்குடித்தனத்தின் இசை

ஜமைக்காவில் வீடில்லாதவர்களின் குறையைப் பாடியது ரெகே. அவர்களின் குடிசைகளை இடித்தவரும் ஒரு முன்னாள் இசைத்தட்டுத் தயாரிப்பாளர்தான்.

மேற்கு கிங்ஸ்டனில் ஒரு முற்றம். சுற்றிலும் சிறு சிறு அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். சமையலறை பொது, தண்ணீர்க் குழாய் பொது. ஒண்டுக்குடித்தனத்தில் காலம் தள்ளியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1940களில் அரசு கட்டத் தொடங்கிய இந்தக் குடியிருப்புகளின் பெயர் ட்ரெஞ்ச் டவுன். சாக்கடையால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நிலச் சொந்தக்காரரின் குடும்பப் பெயர்.

1950களின் பிற்பகுதியில் கிராமத்திலிருந்து தாயுடன் இங்கே வந்து சேர்ந்த சிறுவன்தான் பாப் மார்லி. அவருக்கும் நண்பர்களுக்கும் குரல் சேர்த்துப் பாடக் கற்றுக்கொடுத்தவர் ஜோ ஹிக்ஸ். அவரும் அதே பேட்டைவாசி.

ட்ரெஞ்ச் டவுனில் இடம் கிடைக்காதவர்கள் அருகிலிருந்த 'பேக்-ஓ-வால்' சேரியில் ஒதுங்கினார்கள். தகரமும் அட்டையும்தான் வீடு. ஆயிரக்கணக்கானோருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குழாய்கள். ராஸ்தஃபாரி சமயத்தவர் பலரும் அங்கே வாழ்ந்தார்கள். 1966 ஜூலையில் போலீஸ் பாதுகாப்புடன் புல்டோசர்கள் வந்தன. சேரி தரைமட்டமானது.

இடிப்பை முன்னின்று நடத்தியவர் அத்தொகுதி எம்.பி.யும் வளர்ச்சி, நலத்துறை அமைச்சருமான எட்வர்ட் சியாகா. அரசியலில் உயரும் முன் இசைத்தட்டுத் தொழிலில் இருந்தவர். ஹிக்ஸை வைத்து வெற்றிப் பாடல் தந்தவரும் அவரே!

சேரி இருந்த இடத்தில் டிவோலி கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. நல்ல வீடுகள்தான். ஆனால் சாவி கிடைத்தது பெரும்பாலும் சியாகாவின் தொழிலாளர் கட்சிக்காரர்களுக்கு. 1972இல் ஆட்சிக்கு வந்த மைக்கேல் மேன்லியின் மக்கள் தேசியக் கட்சியும் இதே பாடத்தைத் தன் பேட்டைகளில் படித்தது. வீடு ஓட்டுக்கான கூலியானது. எதிர்க்கட்சிக்காரர் குடியிருக்க முடியாத கோட்டைகள் உருவாயின. காவலுக்குத் துப்பாக்கிகள் வந்தன.

ரெகே முழுக்க எதிர்ப்பு இசை என்பது மிகை. காதல் பாட்டுகளுக்கும் அதில் பஞ்சமில்லை. ஆனால் வாடகையும் நெரிசலும் அதில் ஒலித்ததுபோல வேறெந்த ஜனரஞ்சக இசையிலும் ஒலித்ததா என்பது சந்தேகமே. டூட்ஸ் அண்ட் த மேய்ட்டல்ஸ் குழுவின் 'டைம் டஃப்' பாட்டில் வீட்டுக்காரர் வாடகை பாக்கிக்காகக் கதவைத் தட்டுகிறார். ஜேக்கப் மில்லரின் 'டெனமென்ட் யார்ட்' (1975) பக்கத்துக் குடித்தனங்களின் எட்டிப்பார்த்தலையும் வம்பையும் பொறுக்க முடியாத ராஸ்தாவின் புலம்பல். மார்லியின் 'நோ உமன், நோ க்ரை' (1974) அரசாங்க முற்றத்து இரவுகளின் நினைவு. அதை எழுதியவராகப் பதிவாகியிருப்பது அந்த முற்றத்து நண்பர் வின்சென்ட் ஃபோர்டின் பெயர். அவர் நடத்திய இலவச உணவுக்கூடத்துக்கு வருமானம் போகட்டும் என்று மார்லி செய்த ஏற்பாடு அது என்று பரவலாக நம்பப்படுகிறது.

இந்தப் பாட்டுகள் ஒரு வீட்டையும் கட்டித் தரவில்லை. 1978 ஏப்ரலில் கிங்ஸ்டன் கச்சேரி மேடையில் மேன்லியின் கையையும் சியாகாவின் கையையும் பிடித்து ஒன்றுசேர்த்தார் மார்லி. புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1980 தேர்தல் வன்முறையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். சியாகா பிரதமரானார். 2010 மே மாதம், போதைமருந்து வழக்கில் அமெரிக்கா தேடிய கிறிஸ்டோபர் கோக்கைப் பிடிக்கப் பாதுகாப்புப் படைகள் டிவோலி கார்டன்ஸுக்குள் நுழைந்தபோது சுமார் 70 பேர் உயிரிழந்தார்கள்.

மார்லி படுத்துறங்கிய ட்ரெஞ்ச் டவுன் முற்றம் 2007இல் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னமானது. இப்போது அது அருங்காட்சியகம். அன்று குடித்தனக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அறைகளைச் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.